தங்கம் இருக்கிறது, மில் ஓடவில்லை: சின்னத் தங்கச் சுரங்கங்கள் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் சிறிய தங்கச் சுரங்கக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பனியின் அறிக்கை வரும். "இயந்திரக் கோளாறு காரணமாக உற்பத்தி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது" என்று அதில் ஒரு வரி இருக்கும். அன்று இரவே தெல்லிப்பழையில் எனக்குத் தொலைபேசி அடிக்கும். "அண்ணை, தங்கம் கிடக்கு எண்டுதானே சொன்னவங்கள், பிறகேன் எடுக்கேலாமல் நிக்கிறாங்கள்?"

நான் மெசின் பழகியது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் மில் பகுதியில். 1990இல் அது நின்றது, நாங்களும் இடம்பெயர்ந்தோம். பிறகு மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு சிறிய தங்கச் சுரங்கங்களில் பராமரிப்பு வேலை பார்த்தேன். சீமெந்துக் கல்லை அரைக்கும் மில்லும் தங்கக் கல்லை அரைக்கும் மில்லும் ஒரே குடும்பம் என்பதால் அந்த வேலை கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

சிறிய சுரங்கம் என்றால் எவ்வளவு சிறியது?

மணித்தியாலத்துக்கு 10 தொன் கல் அரைக்கும் ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். நிற்காமல் ஓடினால் நாளுக்கு 240 தொன். ஒரு தொன் கல்லில் 4 கிராம் தங்கம் இருக்கிறது, அதில் 90 வீதம் கைக்கு வருகிறது என்றால் தொன்னுக்கு 3.6 கிராம், நாளுக்கு 864 கிராம். எங்கள் கணக்கில் 8 கிராம் ஒரு பவுண். ஆக நாளுக்கு 108 பவுண், மணித்தியாலத்துக்கு நாலரைப் பவுண்.

அறிக்கைகளில் எல்லாம் அவுன்ஸில்தான் இருக்கும். தங்கத்துக்குப் பாவிக்கும் அவுன்ஸ் 31.1 கிராம், அதாவது நாலு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. அறிக்கையில் 1,000 அவுன்ஸ் என்று கண்டால் 3,900 பவுண் அளவில் என்று மனதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தங்கம் இருப்பது நிச்சயமென்றால் உற்பத்தி ஏன் பாதியாகிறது?

மேலே சொன்ன கணக்கில் நாலு எண்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன: எத்தனை மணித்தியாலம் ஓடியது, மணிக்கு எத்தனை தொன் அரைத்தது, தொன்னுக்கு எத்தனை கிராம், அதில் எத்தனை வீதம் கைக்கு வந்தது. நாலில் ஒன்று பெரிதாக விழவேண்டியதில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தாலே போதும். ஓட்டம் 70 வீதம், கல்லின் தரம் 4 கிராமிலிருந்து 3, மீட்பு, அதாவது கைக்கு வரும் வீதம், 90இலிருந்து 85 என்று வைத்துப் பாருங்கள். 108 பவுண் ஐம்பத்துமூன்றரைப் பவுணுக்கு வந்துவிடும். ஒவ்வொரு பகுதி மனேஜரும் "என் பக்கம் பெரிய குறை இல்லை" என்று உண்மையாகவே சொல்லலாம். ஆனாலும் தங்கம் பாதிதான்.

பெரிய கம்பனிக்கு நாலு மில் இருக்கும். ஒன்று நின்றால் மூன்று ஓடும். சிறிய கம்பனிக்கு எல்லாமே ஒன்றுதான்: ஒரு கல் உடைக்கும் மெசின், ஒரு மில். அதில் ஒன்று நின்றால் முழுச் சுரங்கமும் நின்றது. சம்பளம், சாப்பாடு, காவல், வட்டி இவை மட்டும் நிற்காது. சின்னத் தங்கச் சுரங்கத்தின் கதை பெரும்பாலும் தங்கத்தின் கதையாக இருப்பதில்லை, அந்த ஒற்றை மெசினின் கதையாகவே இருக்கிறது.

கல்லிலிருந்து தங்கம் எப்படி வெளியே வருகிறது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. தங்கத்தைப் பிரிக்கத் தேவையான சாமான்களில் பாதி யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தெரிந்தவை.

வெடிவைத்து எடுத்த கல்லைத் தாடை கிரஷரில் முதலில் உடைப்பார்கள். பிறகு இன்னொரு கிரஷரில் சல்லியாக்குவார்கள். அதற்குப் பிறகு உருண்டை மில். இரும்பு உருளைக்குள் எஃகு உருண்டைகள், கல், தண்ணீர். உருளை சுழலச் சுழல உருண்டைகள் மேலே ஏறி விழுந்து கல்லை மாவாக்கும். பல சுரங்கங்களில் முக்கால்வாசிக்கும் மேல் 75 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போகும்வரை அரைப்பார்கள். புட்டுக்கு இடிக்கும் மா அதற்குப் பக்கத்தில் தவிடு மாதிரி.

அந்தச் சேற்றைப் பெரிய தாங்கிகளில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மிக ஐதான சோடியம் சயனைட் கரைசலில் தங்கம் மெதுவாகக் கரையும். காற்றும் அடிக்க வேண்டும், ஒட்சிசன் இல்லாமல் கரையாது. இந்த முறையை 1887இல் கிளாஸ்கோவில் கண்டுபிடித்தார்கள், இன்றும் அடிப்படை அதுதான். தாங்கிக்குள் சுண்ணாம்பு போட்டு pH பெறுமானத்தை 10க்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் சயனைட் நச்சு வாயுவாகக் கிளம்பும். எங்கள் ஊர்ச் சூளைகளில் கல்லைச் சுட்டு நீற்றிய அதே சுண்ணாம்புதான் அங்கே ஆட்களின் உயிரைக் காக்கிறது.

கரைந்த தங்கத்தைப் பிடிக்கச் சிரட்டைக்கரி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியால் நுண்துளை திறந்து செய்யும் கரி கெட்டியானது, தாங்கிக்குள் உரசுப்பட்டு இலேசில் உதிராது. இலங்கையிலிருந்து தங்கச் சுரங்கங்களுக்கு ஏற்றுமதியாகும் பொருள் அது. மேற்கு ஆபிரிக்காவில் அந்தச் சாக்கைத் திறந்து கரியைக் கையில் அள்ளிய முதல் நாள் எனக்கு வீட்டுக் கோடிப்புறம் நினைவுக்கு வந்தது.

தங்கம் ஏறிய கரியைச் சூடான கரைசலில் கழுவி, மின்சாரம் பாய்ச்சித் தங்கத்தை இரும்பு நூலில் படியவைத்து, வெண்காரம் போட்டு உருக்குவார்கள். கன்னாதிட்டியில் பட்டறை வைத்திருப்பவர்கள் பாவிக்கும் அதே வெண்காரம். வரும் கட்டியில் வெள்ளியும் கலந்திருக்கும். சுத்திகரிப்பு வேறு நாட்டில் நடக்கும்.

பாதரசம் பாவிப்பதில்லையா?

கம்பனிச் சுரங்கங்களில் இல்லை. ஆற்றோரத்தில் கையால் தோண்டுபவர்கள் பாவிக்கிறார்கள், அது அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கெடுக்கிறது. பாதரசப் பாவனையைக் குறைக்க நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கை 2013இல் வந்தது. 2017இல் நடைமுறைக்கும் வந்தது.

எந்த மெசின் நின்றால் எல்லாம் நிற்கும்?

உருண்டை மில். நான் சொன்ன அளவு மில் என்றால் இரண்டு மீற்றர் விட்டம், நிமிடத்துக்கு 22 சுற்று அளவில் சுழலும். உள்ளே பத்துப் பதினைந்து தொன் எஃகு உருண்டை. உருளையைச் சுற்றிப் பெரிய பல்வளையம், அதைத் தள்ளும் சிறு பல்சக்கரம், அதற்குப் பின்னால் கியர் பொக்ஸ், மோட்டர். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

ஒரு இரவைச் சொல்கிறேன். இரண்டு மணி இருக்கும். மில் பார்க்கும் பெடியன் வந்து கதவைத் தட்டினான். மில்லுக்கு ஒரு குரல் உண்டு. உள்ளே கல் குறைந்தால் உருண்டைகள் உள் தகட்டில் மோதிச் சலசலக்கும். கல் கூடினால் சத்தம் அமுங்கும். அன்று இரண்டும் இல்லை. சிறு பல்சக்கரத்தின் பெயரிங் கூட்டில் ஒரு இரும்புக் கம்பியை வைத்து மறுமுனையைக் காதோடு பிடித்தேன். வழக்கமான ஓசைக்கு அடியில் யாரோ கற்கண்டு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கூட்டில் உள்ளங்கையை வைத்தேன், மூன்று எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை. கிறீஸ் சாம்பல் நிறமாகி, தேய்த்துப் பார்த்தால் விரலில் மினுங்கியது. மினுங்கியது தங்கம் இல்லை, பெயரிங்கின் உருக்கு.

நிறுத்துவோம் என்றேன். விடியும்வரை ஓட்டுவோம், மாதக் கணக்கு முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. விடிவதற்கு முன்பே பெயரிங் இறுகித் தண்டு காயப்பட்டு, பல்வளையத்தில் பற்கள் சிதறின. நாலு மணித்தியாலத்தில் 18 பவுண் மிச்சம் பிடிக்கப்போனோம். 11 நாள் நின்றோம். 1,188 பவுண்.

அந்தப் 11 நாளோடும் முடியவில்லை. நின்ற மில்லுக்குள் கல்மாவும் உருண்டையும் காய்ந்து ஒரே கட்டியாகும். அப்படியே இயக்கினால் அந்தக் கட்டி மேலே ஏறி ஒரேயடியாக விழும், உருளையே வெடிக்கலாம். அதை முதலில் இளக்க வேண்டும். தாங்கிகளில் கலக்கும் மெசின் நின்றால் சேறு அடியில் படிந்து சீமெந்து மாதிரி இறுகும். ஒரு மெசின் நின்றதற்குப் பல இடத்தில் வேலை.

ஒரு பல்சக்கரம் வாங்க ஏன் மாதக்கணக்கு?

அது கடையில் தொங்கும் சாமான் இல்லை. அந்த மில்லுக்கென்றே வார்த்து, கடைந்து, பல் வெட்ட வேண்டும். பெரிய பல்வளையம் என்றால் பல மாதம் எடுக்கும். பிறகு கப்பல், துறைமுகம், சுங்கம், மழையில் கரைந்த மண்பாதை.

ஆகவே மில்லை நிறுத்தக்கூடிய ஒவ்வொரு பாகத்திலும் ஒன்று களஞ்சியத்தில் படுத்திருக்க வேண்டும்: சிறு பல்சக்கரம், பெயரிங்குகள், ஒரு மோட்டர், சேறு தள்ளும் பம்பி. அதற்குப் பெரிய காசு முடங்கும். பணம் நெருக்கும்போது சிறிய கம்பனி முதலில் வெட்டுவது அந்தப் பட்டியலைத்தான். "இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். என் அனுபவத்தில், களஞ்சிய அறைக்குள் போய்ப் பார்த்தாலே அடுத்த வருட உற்பத்தியைப் பாதி சொல்லிவிடலாம்.

தேய்மானச் சாமான்கள் வேறு கணக்கு. எஃகு உருண்டை, உள் தகடு, கிரஷர்த் தாடை, பம்பி உட்பாகம் இவையெல்லாம் சாப்பாடு மாதிரி, தினமும் தேயும். கல்லின் கடினத்தைப் பொறுத்து ஒரு தொன் அரைக்க ஒரு கிலோ வரை எஃகு கரைவதுண்டு. தேய்ந்த உருண்டை ஒன்று என் மேசையில் இருக்கிறது. உள்ளே போகும்போது தோடம்பழ அளவு, வெளியே வந்தபோது நெல்லிக்காய். உருண்டையாகக்கூட இல்லை, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது.

நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவர்கள். அங்கே ஏன் சமாளிக்க முடியாது?

உண்மைதான். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, பற்றரி இல்லை. நாலு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட்டினோம். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம். எங்கள் கராச்காரரின் கைவண்ணத்தை உலகத்தில் எந்தச் சுரங்கத்திலும் நான் காணவில்லை. அந்தக் காலம் தந்த துணிச்சல்தான் எனக்கு வெளியில் சோறு போட்டது.

ஆனால் அதே துணிச்சல் ஒருமுறை பெரிய நட்டம் தந்தது. தாடை கிரஷரில் அசையும் தாடைக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கும். மண்வாரியின் இரும்புப் பல் ஏதாவது கல்லோடு உள்ளே விழுந்தால் அந்தத் தகடு உடைந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்தின் பியூஸ் மாதிரி, உடைவதுதான் அதன் வேலை. எங்களிடம் மாற்றுத் தகடு முடிந்திருந்தது. கையிலிருந்த தடித்த எஃகை வெட்டி நான்தான் செய்து போட்டேன். நல்ல உறுதி. ஒரு கிழமை ஓடியது. அடுத்த இரும்பு உள்ளே விழுந்தபோது தகடு உடையவில்லை, கிரஷரின் தண்டு முறிந்தது. மூன்று கிழமை நின்றோம்.

அன்றிலிருந்து ஒரு பாகத்தை மாற்றிச் செய்வதற்கு முன் இது ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று முதலில் கேட்பேன். சமாளிக்கத் தெரிவது பெரிய சொத்து. எதைச் சமாளிக்கக்கூடாது என்று தெரிவது அதைவிடப் பெரியது.

பழைய மெசின்களை மலிவாக வாங்கியிருக்கிறார்கள். அது நல்லதுதானே?

நல்லதாகவும் முடியலாம். மூடிய சுரங்கமொன்றின் மில்லைக் கழற்றி இன்னொரு நாட்டில் பூட்டுவது வழக்கம். பலமான வார்ப்பு, ஐம்பது வருடம் உழைக்கும்.

கவனிக்க வேண்டியது மின்சாரம். கனடாவிலிருந்து மாமி அனுப்பிய மிக்சி இங்கே நேரடியாக ஓடாது, எல்லோருக்கும் தெரியும். அழுத்தம் வேறு என்பது மட்டும் இல்லை. அங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை மாறுகிறது, இங்கேயும் ஆபிரிக்காவின் பெரும்பகுதியிலும் 50 தடவை. அந்த மோட்டரை 50இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். 22 சுற்று மில் 18 சுற்றாகும். உருண்டை போதிய உயரம் ஏறாமல் உருண்டு கொண்டிருக்கும். கல் அரைபடாது, மோட்டரும் சூடேறும். இதைப் பல்சக்கரம் மாற்றியோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியோ சரிசெய்யலாம். ஆனால் திட்டம் போடும்போதே யோசிக்க வேண்டும், ஆறு மாதம் ஓட்டிவிட்டு "எதிர்பார்த்த தொன் வரவில்லை" என்று அறிக்கை எழுதும்போது அல்ல.

வரைபடம் இல்லாத பழைய மெசின் என்றால் நான் இரண்டுமுறை யோசிப்பேன்.

மழை பெய்தால் சுரங்கம் ஏன் நிற்கிறது?

மாரியில் எங்கள் செம்மண் மண்வெட்டியில் எப்படி ஒட்டும் என்று நினைத்துப் பாருங்கள். வெப்ப நாடுகளில் மேல்படைக் கல் உக்கிக் களியாக இருக்கும். நனைந்தால் கிரஷர் வாயிலும் கொன்வேயர் பட்டியிலும் அப்பிக்கொள்ளும். ஆட்கள் சவளால் வழித்தெடுக்க வேண்டும். அடிச்சுரங்கம் என்றால் தண்ணீர் இறைக்கும் பம்பி நிற்கவே கூடாது. கிணற்று மோட்டர் நின்றால் தோட்டம் வாடும், சுரங்கத்து மோட்டர் நின்றால் கீழ்த் தட்டு மூழ்கும்.

டீசல் விலை இவ்வளவு முக்கியமா?

ஒரு தொன் கல்லை மாவாக்க மட்டும் 10 முதல் 20 அலகு மின்சாரம் வேண்டும். சொந்த ஜெனரேற்றர் என்றால் ஒரு லீற்றர் டீசலில் நாலு அலகுக்குக் கிட்ட வரும். 240 தொன்னுக்கு நாளொன்றுக்கு 1,000 லீற்றர் அளவில், அரைப்பதற்கு மட்டும். பவுசர் மூன்று நாள் பிந்தினால் என்ன ஆகும் என்று 2022இல் வரிசையில் நின்ற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மில் ஓடியது, ஆனால் "தரம் குறைந்தது" என்கிறார்கள். கல் மாறிவிட்டதா?

சிலவேளை உண்மையாகவே கல்லின் தரம் குறையும். ஆனால் பலமுறை அதற்குப் பின்னாலும் ஒரு மெசின்தான் நிற்கும். தங்கம் ஓடும் நரம்பு ஒரு மீற்றர் அகலம் என்று வையுங்கள். துளையிடும் மெசின் சரியில்லாமல் துளை சாய்ந்து போனால் வெடி பக்கத்துக் கல்லையும் சேர்த்து உடைக்கும். தங்கமில்லாத கல் கலந்துவிடும். பாலுக்குள் தண்ணீர்.

இன்னொன்று. கீழே நல்ல கல் உடைந்து கிடக்கும், அதை அள்ளிவரும் வண்டி பழுதாகி நிற்கும். மில்லை வெறுமனே வைத்திருக்க முடியாதென்று வெளியே குவித்திருக்கும் தரக்குறைவான கல்லைப் போடுவார்கள். அந்த மாதம் தொன் கணக்கு அழகாக இருக்கும், தங்கம் இருக்காது. தொன் கூடித் தரம் விழுந்த அறிக்கையைக் கண்டால் நான் முதலில் கேட்பது வண்டிகளைப் பற்றித்தான்.

மீட்பு வீதம் ஏன் விழும்?

தொன்னைக் கூட்ட வேண்டுமென்று மில்லுக்குள் அதிகம் திணித்தால் மா பரும்படியாக வரும். பரும்படிக்குள் இருக்கும் தங்கத்தைச் சயனைட் தொடாது, அது கழிவோடு போகும். கரி பழசாகித் தூளாகி, தங்கத்தோடு சேர்ந்து வெளியே போவதும் உண்டு. சில கல்லில் தங்கம் கந்தகக் கனிமத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும், எவ்வளவு அரைத்தாலும் இலேசில் வராது. மேல்படை முடிந்து ஆழத்துக்குப் போகும்போது பல சுரங்கங்கள் இந்தச் சுவரில் முட்டியிருக்கின்றன. ஆழத்துக் கல்லை ஆரம்பத்திலேயே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

தங்கம் களவு போகிறதா?

போவதும் உண்டு, அதனால்தான் உருக்கும் அறையில் இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு, இரண்டு வேறு ஆட்கள். ஆனால் கணக்கில் குறையும் தங்கம் எல்லாம் களவு இல்லை. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம், சாதாரணக் கல் இரண்டரை மடங்குதான். ஆகவே தங்கத் துகள் இடுக்குத் தேடிப்போய் உட்காரும். மில்லின் உள் தகட்டுக்குப் பின்னால், பம்பியின் குழியில், குழாயின் வளைவில். தகடு மாற்றக் கழற்றும் நாளில் காவல்காரர் பக்கத்தில் நிற்பார், நாங்கள் தகட்டின் பின்புறத்தைத் தூரிகையால் கூட்டி அள்ளுவோம். பட்டறை நிலத்தைக் கூட்டிய குப்பையைத் தட்டார் எறியாமல் சேர்த்துவைத்து உருக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலை.

தங்க விலை இவ்வளவு ஏறியும் கம்பனி ஏன் தடுமாறுகிறது?

2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. விற்கத் தங்கம் இருந்தால்தானே அந்த விலை. நின்ற மில்லுக்கு எந்த விலையும் ஒன்றுதான்.

அதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. மில் கட்டக் காசில்லாத கம்பனி, இனித் தோண்டப்போகும் தங்கத்தைக் காட்டி முன்பணம் வாங்கியிருக்கும். கையிலுள்ள நகையை அடைவு வைப்பது எங்களுக்குத் தெரியும். இது இன்னும் நிலத்துக்குள் இருக்கும் நகையை அடைவு வைத்த மாதிரி. மாதாமாதம் இத்தனை அவுன்ஸ், முன்பே பேசிய குறைந்த விலையில் கொடுத்தாக வேண்டும். நன்றாக ஓடும் மாதத்தில் வலிக்காது. பெயரிங் போன மாதத்தில் வந்ததெல்லாம் அங்கே போய்விடும், பெயரிங் வாங்கக் காசிருக்காது.

அறிக்கை வந்தால் எதைப் பார்ப்பது?

பங்கை வாங்கவோ விற்கவோ நான் சொல்வதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவர் கேட்டால் முன்னால் சொன்ன நாலு எண்ணையும் ஒரு கொப்பியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்வேன். மில்லின் "வடிவமைப்புக் கொள்ளளவு" என்று பெரிதாகப் போட்டிருப்பதை விடுங்கள், உண்மையில் எத்தனை தொன் அரைத்தது என்று பாருங்கள். "எதிர்பாராத கோளாறு" ஒருமுறை வந்தால் நம்பலாம். ஒரே மெசின் மூன்று அறிக்கையில் வந்தால் அது எதிர்பார்த்திருக்க வேண்டிய கோளாறு. ஒரு அவுன்ஸ் எடுக்க மொத்தச் செலவு எவ்வளவு என்பதையும், கையிலிருக்கும் காசு எத்தனை மாதத்துக்குக் காணும் என்பதையும் பாருங்கள்.

கல்லில் தங்கம் இருக்கிறதா என்பதற்குச் சட்டம் ஓரளவு காவல் இருக்கிறது. 1997இல் இந்தோனேசியாவின் புசாங்கில் பிரீ-எக்ஸ் என்ற கனடியக் கம்பனியின் கல் மாதிரிகளில் தங்கத்தூள் கலந்திருந்தது வெளிப்பட்டுக் கோடிக்கணக்கான டொலர் ஆவியானது. அதற்குப் பிறகு 2001இல் கனடாவில் 43-101 என்ற கடுமையான அறிக்கை விதி வந்தது. ஆனால் மில் ஓடும் என்று உறுதி தர எந்த விதியும் இல்லை. சுரங்கம் இலாபமாக ஓடுமா என்று பார்க்கும் சாத்திய ஆய்வை முழுமையாகச் செய்யாமலே உற்பத்தியில் இறங்கிய கம்பனி என்றால் அதை அறிக்கையில் எழுதியிருப்பார்கள். அந்தப் பந்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கோலார் தங்கவயல் ஏன் மூடப்பட்டது? அங்கே தமிழர்கள்தானே வேலை செய்தார்கள்?

பெரும்பாலும் தமிழர்கள். இந்தியாவின் கர்நாடகத்தில் 1880இல் ஜோன் டெய்லர் கம்பனி தொடங்கி, 1902இல் சிவசமுத்திரத்து அருவி மின்சாரம் வந்து, மூன்று கிலோமீற்றருக்கும் ஆழமாக இறங்கிய சுரங்கம். அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும், காற்றையும் குளிரவைத்து அனுப்ப வேண்டும், தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். கல்லின் தரம் வருடாவருடம் இறங்கியது, ஒரு தொன்னை மேலே கொண்டுவரும் செலவு ஏறியது. 2001 பெப்ரவரி 28இல் மூடினார்கள். பம்பி நின்றதும் தண்ணீர் ஏறியது. அரைத்த கல்மா மட்டும் இன்றைக்கும் மலைமலையாக நிற்கிறது, அங்குள்ளவர்கள் அதைச் சயனைட் மலை என்கிறார்கள்.

கிணறு வெட்டும்போது மினுங்கும் கல் வந்தது. யாழ்ப்பாணத்தில் தங்கம் இருக்குமா?

இல்லை. எங்கள் குடாநாடு கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல், தங்கம் உண்டாகும் பாறை அல்ல. மினுங்கியது பெரும்பாலும் கல்சைற்றுப் பளிங்காக இருக்கும். மஞ்சளாக இருந்தால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தங்கம் தகடாக நசியும், மற்றது தூளாகும். எங்கள் கல்லின் பெறுமதி வேறு இடத்தில், அது சேமித்துத் தரும் நன்னீரில் இருக்கிறது.

மகன் பொறியியல் முடித்துவிட்டுச் சுரங்க வேலைக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்ப?

கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது கேட்கிறார்கள். தம்பி, சொந்தமாக ஒரு பூட்டு வாங்கிக்கொள். மில்லுக்குள்ளோ கிரஷருக்குள்ளோ கை வைக்கும் முன் மின் ஆளியை நிறுத்தி உன் பூட்டைப் போடு, திறப்பு உன் சட்டைப்பையில் இருக்கட்டும். பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பூட்டு. யார் அவசரப்படுத்தினாலும், மாதக் கணக்கு முடிய ஒரு மணித்தியாலம்தான் இருந்தாலும், கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் தானே கழற்றும்வரை மில் சுழலக்கூடாது.

அப்புறம் ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு நாளும் பெயரிங்கின் வெப்பம், எண்ணெயின் நிறம், மில்லின் சத்தம், எத்தனை மணிக்கு ஏன் நின்றது என்று எழுது. முதல் மாதம் பயனில்லாத மாதிரி இருக்கும். ஆறாவது மாதம் அந்தக் கொப்பியை மனேஜர் தேடி வருவார்.